மூலிகைச் சாரமும் வாய்ப் புற்று செல்லும்: ஊட்டி லேபில் கோளாறு கண்டால் எங்கே பார்ப்பது

ஊட்டியிலும் குன்னூரிலும் எம்.பார்ம்., பிஎச்.டி. பிள்ளைகள் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு மலைச்செடியைப் பறித்துக் காயவைத்து, சாரம் இறக்கி, வாய்ப் புற்று செல்களின் மேல் விட்டுப் பார்க்கிறார்கள். இந்திய ஆண்களிடம் அதிகம் காணும் புற்று அதுதான் என்பதால் தலைப்புக்குக் குறை சொல்ல முடியாது. செய்முறைத் தாளும் எல்லாரிடமும் இருக்கிறது. ரீடிங் கோணலாக வரும்போது எங்கே தேடுவது என்பதைத்தான் யாரும் எழுதித் தருவதில்லை. 96 குழி பிளேட்டில் எம்.டி.டி. சோதனை (எவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று சாயத்தால் அளப்பது) செய்கிறவர்களுக்காக, கண்ணில் படும் அறிகுறியை வைத்து இதை எழுதுகிறேன்.

பிளேட்டில் செல் செத்தால் என் சந்தேகப் பட்டியலில் செடி கடைசி. அதற்கு முன்னால் கரைப்பான், அமிலம், பெராக்சைடு, சாயம், குளிர், நாம் நிற்கும் 2,240 மீட்டர் உயரம் எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

டோஸ் கூடக் கூட செல்லும் கூடுகிறது

"சார், 300 மைக்ரோகிராம்ல 160 சதவீதம் வந்திருக்கு. புற்று வளருதா சார்?"

"செல் இல்லாத குழி போட்டீங்களாம்மா?"

"இல்ல சார்."

எனக்கு வரும் ஃபோன்களில் முக்கால்வாசி இத்தோடு முடிந்துவிடும்.

எம்.டி.டி. மஞ்சள் நிறச் சாயம். 1983-ல் மோஸ்மன் வெளியிட்ட முறை இது. உயிருள்ள செல்லின் நொதிகள் அந்த மஞ்சளை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும். ஊதாவை 570 நானோமீட்டரில் அளந்து, எவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் அந்த வேலையைச் செய்யச் செல்தான் வேண்டும் என்பதில்லை. பாலிஃபீனாலும் வைட்டமின் சி-யும் தாமாகவே மஞ்சளை ஊதாவாக்கிவிடும். சீகை மரப்பட்டை, தேயிலை, நெல்லி, தவிட்டுப்பழம் என்று நாம் ஆசையாக எடுக்கும் சரக்கெல்லாம் இந்த வகைதான்.

அதனால் ஒவ்வொரு டோஸுக்கும் செல் இல்லாத மூன்று குழிகள் கட்டாயம் வேண்டும். மீடியா (செல் வளர்க்கும் சத்துத் திரவம்), அதே அளவு சாரம், எம்.டி.டி., அதே நான்கு மணி நேரம். அங்கே ஊதா தெரிந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அந்த ஓ.டி.யை, அதாவது ரீடர் காட்டும் நிற அடர்த்தியை, செல் உள்ள குழியிலிருந்து கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. செல்லுக்குள் போன சாரமும் வெளியே நிற்கும் சாரமும் ஒரே வேகத்தில் சாயத்தை மாற்றுவதில்லை. எம்.டி.டி. ஊற்றுவதற்கு முன் சாரம் கலந்த மீடியாவை எடுத்துவிட்டு, பி.பி.எஸ். (பி.எச். மாறாமல் வைக்கும் உப்புக் கரைசல்) கொண்டு மெதுவாக இரண்டு முறை அலசி, சீரமும் ஃபீனால் ரெட்டும் (பி.எச்.-ஐ நிறத்தால் காட்டும் சாயம்) இல்லாத புது மீடியா ஊற்றுங்கள். பாதி பிரச்சினை அங்கேயே தீரும்.

அலசும்போது செல் கழன்று வந்துவிடுகிறதென்றால் எஸ்.ஆர்.பி. (சல்ஃபோரோடமின் பி என்ற சாயம்) முறைக்குப் போய்விடலாம். 1990-ல் வந்தது, டி.சி.ஏ. அமிலம் ஊற்றிச் செல்லை இருந்த இடத்திலேயே நிலைநிறுத்தி, ஒரு சதவீத அசெட்டிக் அமிலத்தில் கரைத்த 0.4 சதவீதச் சாயத்தால் புரதத்தை நிறமேற்றி, 10 மில்லிமோலார் டிரிஸ் கரைசலில் சாயத்தை எடுத்து அளப்பது. மஞ்சளை ஊதாவாக்கும் ஒடுக்க வினைக்கு இங்கே வேலையே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: டானின் அதிகமுள்ள சாரம் சீரப் புரதத்தைப் பிடித்து அடியில் படியவைக்கும், அந்தப் படிவும் நிறமேறும். ஆகவே செல் இல்லாத குழி இங்கும் உண்டு.

எந்த முறையானாலும் சாயம் ஊற்றுமுன் பிளேட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். செல்கள் உருண்டு மிதக்க, ரீடர் மட்டும் 160 என்று சொன்னால், கண்ணை நம்புங்கள்.

எந்த டோஸிலும் எல்லாம் சாவு

முதலில் டி.எம்.எஸ்.ஓ. கணக்கு; சாரத்தைக் கரைக்க நாம் எடுக்கும் கரைப்பான் அது. ஸ்டாக் (கரைத்து வைத்த அடர்கரைசல்) மி.லி.க்கு 20 மில்லிகிராம். உச்ச டோஸ் மி.லி.க்கு 500 மைக்ரோகிராம். அப்படியானால் குழியில் 2.5 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. போய்ச் சேருகிறது. செல்லைக் கொல்ல அதுவே போதும். 0.1 சதவீதம் நல்லது, 0.5-ஐத் தாண்ட வேண்டாம். 500 டோஸ் வேண்டுமென்றால் ஸ்டாக்கை 100 மில்லிகிராமில் போட வேண்டும். அந்த அளவுக்குக் கரையவில்லையா, 500 டோஸை விட்டுவிடுங்கள். எல்லா டோஸிலும் டி.எம்.எஸ்.ஓ. சதவீதம் ஒன்றாக இருக்கட்டும். சாரம் இல்லாமல் கரைப்பான் மட்டும் போடும் கன்ட்ரோல் குழியிலும் அதே அளவு.

அடுத்தது, சாரத்தில் தங்கிய மெத்தனாலோ குளோரோஃபார்மோ. ரோட்டரி எவாப்பரேட்டரில் கரைப்பானை ஆவியாக்கி இறக்கியதும் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் சாரத்துக்குள் கரைப்பான் நன்றாக ஒளிந்திருக்கும். வேக்குவத்தில் வைத்து, அடுத்தடுத்த நாள் எடை மாறாத வரை உலர்த்துங்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்த சாரம் ஈரத்தை இழுத்து எடை கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாரத்தை மீடியாவில் கலந்தவுடன் நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சளாகிவிட்டதென்றால் புளிப்பு ஏறியிருக்கிறது. செல்லைக் கொன்றது பி.எச். ஆக இருக்கலாம். நிறம் மாறாமல், குலுக்கினால் நுரை கட்டி நின்றால் சப்போனின். அது செல் சவ்வையே உடைக்கும். அரை மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்பில் செல் வெடித்துக் கிடப்பதைப் பார்க்கலாம். ரத்தச் சிவப்பணுவைக் கொண்டு சோதித்தால் அதையும் உடைக்கும். சோப்பு வேலையைப் புற்று மருந்து என்று எழுதக் கூடாது.

தேயிலைச் சாரம் ஒரு லேபில் கொல்கிறது, இன்னொன்றில் சும்மா இருக்கிறது

நீலகிரியில் இருந்துகொண்டு தேயிலையைச் சோதிக்காமல் போகிறவர் குறைவு. பச்சைத் தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி. போன்ற கேட்டச்சின்கள் டி.எம்.இ.எம். என்ற வழக்கமான மீடியாவில் நிலைத்து நிற்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன. பேரி ஹாலிவெல் குழு 2000-ல் இதைக் காட்டியது. குழியில் செல் சாவது பெரும்பாலும் அந்தப் பெராக்சைடால். வாயில் தேநீர் போகும்போது நடப்பது வேறு, பிளாஸ்டிக் குழியில் நடப்பது வேறு.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வரிசையில் சாரம் மட்டும். இன்னொன்றில் சாரத்தோடு கேட்டலேஸ் நொதி. மூன்றாவதில் சாரத்தோடு கொதிக்கவைத்துச் செயலிழந்த கேட்டலேஸ். நடு வரிசைச் செல் மட்டும் பிழைத்தால், நீங்கள் அளந்தது பெராக்சைடின் வீரியம். இரண்டு லேபுக்கு இடையே ஏன் வேறுபாடு என்றால், பெரும்பாலும் மீடியா பாட்டிலில் சோடியம் பைருவேட் உண்டா இல்லையா என்பதில் இருக்கும். பைருவேட் பெராக்சைடைத் தின்றுவிடும். கேட்லாக் எண்ணை எடுத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைத் தேயிலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், பாலிஃபீனால் மிகுந்த எந்தச் சாரத்துக்கும் செய்யலாம்.

ஜனவரிக் காலையில் ஒரே ஸ்டாக் இரண்டு விதமாகப் பேசுகிறது

இது மலைக்கே உரிய கோளாறு. டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரி செல்சியஸில் உறையும். சமவெளி லேபில் மேசை மேலிருக்கும் பாட்டில் உறைவதில்லை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் அறையே 12, 13 டிகிரியில் இருக்கும். கதவைத் திறந்ததும் பாட்டில் கல்லாகக் கிடக்கும். முழுக்க உறைந்தால்கூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். பாதி உறைந்த குப்பிதான் ஆபத்து. உறையும்போது டி.எம்.எஸ்.ஓ. தூய படிகமாகக் கட்டி, அதில் கரைந்திருந்த சாரத்தை மீதித் திரவத்துக்குத் தள்ளிவிடும். குப்பியைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி படிகமும் நடுவில் கரும்பச்சைத் திரவமும் தெரியும். பிப்பெட் முனை அந்தத் திரவத்தைத்தான் உறிஞ்சும். நூறு என்று எழுதியிருப்பீர்கள், குழிக்குள் போவது அதைவிட அதிகம். மதியம் வெயில் வந்து கரைந்தபின் எடுத்தவருக்கு டோஸ் குறையும்.

ஸ்டாக்கைச் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள். எடுத்ததும் 37 டிகிரி வாட்டர் பாத்தில் முழுக்கக் கரையவிட்டு, வோர்டெக்ஸ் செய்து, சுழற்றி அடியில் படிவு இருக்கிறதா பார்த்து, அறை குளிர்ந்திருந்தால் 25 டிகிரி ஹீட்டிங் பிளாக்கில் வைத்தபடியே எடுங்கள். மீதியைத் திரும்ப வைக்க வேண்டாம். டி.எம்.எஸ்.ஓ. ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் சாரம் திரியும்.

இதே குளிரின் இன்னொரு வேடம்: எம்.டி.டி. கடைசியில் ஃபார்மசானைக் கரைக்க ஊற்றிய டி.எம்.எஸ்.ஓ. குழியிலேயே உறையத் தொடங்கி, ரீடிங் குழிக்குக் குழி தாவும். பிளேட்டை 37 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, குலுக்கி, உடனே படியுங்கள்.

மீடியா எப்போதும் ஊதாச் சிவப்பாகவே இருக்கிறது

இன்குபேட்டர் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு காட்டுகிறது, கசிவு இல்லை, ஆனாலும் மீடியா காரமாகவே நிற்கிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அதே 5 சதவீதம் இங்கே பாதரச அளவில் 29 மி.மீ.தான், சென்னையில் அது 38. பி.எச். ஏறத்தாழ 0.1 மேலே போகும். டி.எம்.இ.எம். மீடியாவில் லிட்டருக்கு 3.7 கிராம் பைகார்பனேட் இருப்பதால் சமவெளியிலேயே அது கொஞ்சம் காரமாகத்தான் நிற்கும். இங்கே இன்னும் ஒரு படி. ஆறரை சதவீதம் வைத்தால் கணக்கு சரியாகும். கூடலூரில் இவ்வளவு தேவைப்படாது. சென்சாரை இந்த உயரத்துக்கு ஏற்றபடி சரிசெய்ததா என்று சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். வெளி அளவியால் ஒருமுறை சரிபார்த்தபின் செட்டிங்கை மாற்றுவது நல்லது.

ஜூலையில் பூஞ்சை நிற்கவில்லை

தென்மேற்குப் பருவமழை, மூடுபனி, ஈரச் சுவர் எல்லாம் சேர்ந்துகொள்ளும்தான். ஆனால் முதலில் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பாருங்கள். 15 பவுண்டு அழுத்தம் என்றால் 121 டிகிரி என்று படித்திருக்கிறோம். அது கடல்மட்டக் கணக்கு. மீட்டர் காட்டும் 15 பவுண்டு வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம்; வெளிக்காற்றே இங்கே மெலிது. ஊட்டியில் 15 பவுண்டில் உள்ளே இருப்பது ஏறத்தாழ 117 டிகிரி. 121-ஐத் தொட 18.5 பவுண்டு தேவை. பாத்திரமும் சேஃப்டி வால்வும் அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் ஒழிய ஏற்றாதீர்கள். அதற்குப் பதில் நேரத்தைக் கூட்டுங்கள்: 121-ல் 15 நிமிடம் செய்யும் வேலைக்கு 117-ல் ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். மாதம் ஒருமுறை ஸ்போர் ஸ்ட்ரிப் (எளிதில் சாகாத பாக்டீரிய வித்து தடவிய தாள்) வைத்துச் சோதித்தால் சந்தேகமே வேண்டாம்.

சாரத்தை வடிகட்டும்போதும் ஒரு சிக்கல். சாதாரண செல்லுலோஸ் அசிடேட் ஃபில்டர் டி.எம்.எஸ்.ஓ.வில் கரைந்துவிடும். மீடியாவில் கலந்தபின் 0.22 மைக்ரான் வழியே விட்டால், திரிந்த சாரம் ஃபில்டரிலேயே நின்று டோஸ் குறைந்துவிடும்.

பூஞ்சை இல்லை, மீடியா கலங்கவும் இல்லை, ஆனாலும் செல் சோம்பிக் கிடந்தால் மைக்கோப்ளாஸ்மா என்ற மிகச் சிறு பாக்டீரியா. பி.சி.ஆர். செய்து பாருங்கள். இருந்தால் அந்த ஃபிளாஸ்கைத் தூக்கிப் போடுவதே மலிவு.

கன்ட்ரோல் குழியில் சாவு. ஓரக் குழியில் கோணல்

ஓரம் என்றால் ஆவியாதல். வெளிச்சுற்று 36 குழிகளில் பி.பி.எஸ். ஊற்றி, உள்ளே உள்ள 60-ஐ மட்டும் பயன்படுத்துங்கள்.

உச்ச டோஸுக்குப் பக்கத்துக் கன்ட்ரோல் மட்டும் சாகிறதென்றால், கையில் இருப்பது நீலகிரித் தைலமோ குளிர்ப்பச்சை (வின்டர்கிரீன்) எண்ணெயோதானே? அவற்றின் ஆவி மூடிக்கு அடியில் குழி விட்டுக் குழி பயணம் செய்யும். டோஸுக்கு ஒரு பிளேட், கன்ட்ரோலுக்குத் தனிப் பிளேட். செலவு கூடும், வேறு வழியில்லை.

சிஸ்பிளாட்டினே கொல்லவில்லை

ஒப்பிட்டுப் பார்க்கப் போடும் புற்று மருந்து அது. அதை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்திருப்பீர்கள். டி.எம்.எஸ்.ஓ. பிளாட்டினத்தோடு பிணைந்து மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். 0.9 சதவீத உப்புநீரில் கரையுங்கள். சாரத்துக்கு எந்தக் கரைப்பானோ அதையே மருந்துக்கும் என்ற நல்லெண்ணத்தில் செய்வது இது. இந்தக் கோளாறோடு அச்சேறிய கட்டுரைகளும் உண்டு. அங்கெல்லாம் செடி மருந்தை வென்றதாக இருக்கும்.

ஊசிக்களாச் சாரம் போட்டால் எல்லா செல்லும் பச்சையாக ஒளிர்கிறது

சோலை ஓரத்தில் முள்ளோடு நிற்கும் ஊசிக்களாவின் வேர்ப்பட்டையைக் கீறினால் மஞ்சள் தெரியும்; அது பெர்பெரின். அது தானே ஒளிரும், செல்லுக்குள்ளும் போய்த் தங்கும். ஒளிரும் சாயத்தை வைத்து அனெக்சின் சோதனையோ (செல் சாவைப் பார்ப்பது) டி.சி.எஃப். சோதனையோ (ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைப் பார்ப்பது) செய்தால், சாயம் போடாத செல்லே பச்சைக் கட்டத்துக்குள் வந்து உட்காரும். இலைச் சாரமென்றால் பச்சையம் சிவப்புச் சேனலில் குழப்பும். சாரம் மட்டும் போட்டு, சாயம் போடாத செல் ஒன்று எப்போதும் ஓட வேண்டும். எல்லை மீறினால், செல் சாவில் வேலை செய்யும் கேஸ்பேஸ் நொதியைப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் பக்கம் போங்கள்.

"கே.பி. செல் வேண்டாம்" என்று கட்டுரை திரும்பி வருகிறது

திருப்பி அனுப்பியவர் சொல்வது சரி. நம் ஊர் லேப்களில் கே.பி. என்றால் வாய்ப் புற்று என்றே பல ஆண்டாக வழங்குகிறது. 1950-களில் வாய்ப் புற்றிலிருந்து எடுத்ததாகத்தான் பதிவு. ஆனால் அது ஹீலா கலந்து, ஹீலாவாகவே மாறிப்போன செல். 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து வந்தது ஹீலா. 1960-களின் கடைசியிலேயே ஸ்டான்லி கார்ட்லர் நொதி அடையாளத்தை வைத்து இத்தகைய கலப்பைக் காட்டிவிட்டார். இன்று தவறாக அடையாளப்படுத்தப்பட்ட செல்களின் சர்வதேசப் பட்டியலில் கே.பி. இருக்கிறது. ஹெப்-2-வும் அங்கேதான்.

கே.பி.யில், கருப்பை வாய்ப் புற்றோடு தொடர்புடைய எச்.பி.வி. 18 வைரஸின் மரபணு இருக்கிறது. புகையிலையாலும் பாக்காலும் வரும் வாய்ப் புற்றுக்கு இந்தச் செல்லில் பதில் தேடினால் கேள்வியே மாறிப்போகும். நாக்கிலிருந்து எடுத்த கேல்-27, எஸ்.சி.சி.-9, எஸ்.சி.சி.-25 இவற்றில் இரண்டையாவது எடுங்கள். எஸ்.சி.சி. வகைக்கு டி.எம்.இ.எம்./எஃப்-12 மீடியாவில் ஹைட்ரோகார்ட்டிசோன் வேண்டும். அதைப் போடாமல் "செல் வளரவில்லை" என்று புலம்புகிறவர்கள் உண்டு. பக்கத்து லேபில் கேட்டு வாங்கிய ஃபிளாஸ்க் என்றால் எஸ்.டி.ஆர். சோதனை (செல்லின் டி.என்.ஏ. அடையாளம் பார்ப்பது) செய்த பிறகே தொடங்குங்கள். ஏற்கெனவே கே.பி.யில் முடித்துவிட்டவர்கள் "ஹீலா வழித்தோன்றல்" என்று எழுதிவிடலாம். வேலை வீணாகாது, தலைப்பு மட்டும் மாறும்.

புற்று செல்லும் சாகிறது, நல்ல செல்லும் சாகிறது

அப்படியானால் கிடைத்திருப்பது நஞ்சு. ஹாகாட் தோல் செல்லாவது, முடிந்தால் ஈறு ஃபைப்ரோபிளாஸ்டாவது பக்கத்தில் ஓடட்டும். நல்ல செல்லின் ஐ.சி.50-ஐ (செல்லின் உயிர்ப்பைப் பாதியாகக் குறைக்கும் டோஸ்) புற்று செல்லின் ஐ.சி.50-ஆல் வகுத்தால் இரண்டு மூன்றுக்கு மேல் வர வேண்டும். கச்சாச் சாரத்துக்கு மி.லி.க்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குள் ஐ.சி.50 வந்தால்தான் மேலே தோண்டுவது வழக்கம். 480 வந்ததென்றால் "வீரியம் இல்லை" என்று எழுதுங்கள், அதுவும் ஒரு முடிவுதான். உச்ச டோஸ் 200 போட்டவருக்கு மென்பொருள் 612 என்று ஐ.சி.50 கொடுத்தால் அது ஜோசியம்.

செடியிலிருந்து வந்ததால் தீங்கில்லை என்று முன்னுரையில் எழுதிவிடுகிறார்கள். பாக்கும் செடியிலிருந்து வருவதுதான்; 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகமை அதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. பிளேட் ரீடிங்கை வைத்துக்கொண்டு "ஊட்டி மூலிகை வாய்ப் புற்றைக் குணமாக்கும்" என்று பத்திரிகைக்குச் சொல்லவே கூடாது. ஆறாத வாய்ப்புண்ணோடு இருக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவார்.

முதல் பேட்ச் அருமை, இரண்டாவது பேட்ச் வெறும் தண்ணீர்

லேபுக்குள் தேடாதீர்கள், பறித்த இடத்துக்குப் போங்கள். மார்ச்சில் வெயிலில் நின்ற செடியும் ஆகஸ்டில் மழையில் நின்ற செடியும் ஒன்றல்ல. மழைக்காலத்தில் நிழலில் உலர்த்தினால் காய்வதற்கு முன் பூஞ்சை பிடிக்கும்; விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் புகை படியும், புகையே ஒரு சரக்கு. 40 டிகிரி அவனில் உலர்த்துவதே மேல். கேரட் தோட்டத்து வரப்பிலோ தேயிலைக் காட்டு ஓரத்திலோ பறித்தது என்றால் பூச்சிமருந்து வந்திருக்கும். கஷாயமாக இறக்கியவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். முதல் பேட்ச் கோவையில் இறக்கியது, இரண்டாவது இங்கே என்றால் இரண்டும் வேறு வேறு கஷாயம்.

காப்புக்காட்டில் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு கிளையைப் பூவோடு அழுத்தி உலர்த்தி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகத்தில் (ஹெர்பேரியம்) அடையாளம் உறுதிசெய்து, மாதிரிக்கு எண் வாங்கிவிடுங்கள். இரண்டாவது பேட்ச் வேறு இனமாகவே இருந்த கதையும் உண்டு. பிறகு இரண்டு பேட்ச்களையும் எச்.பி.எல்.சி.யில் (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டி, அடையாளச் சேர்மத்தின் அளவை ஒப்பிடுங்கள். ஊசிக்களாவுக்குப் பெர்பெரின், தேயிலைக்கு ஈ.ஜி.சி.ஜி. அளவு சரிந்திருந்தால், அதே இடத்தில் அதே மாதம் மறுபடி பறிக்க வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். நெறியாளரிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.